அவரையும் உள்ளே கூப்பிடச் சொன்னேன்

போன வருடத்துக்கு முந்தின வருடம், தீபாவளிக்குத் தைக்க வந்த துணிகள் குவிந்து கிடந்த நேரம். பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் கடை. ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது மணிக்கட்டை அசைக்க முடியவில்லை. ஓரிரு நாளில் அது சற்றுத் தணிந்தது; பதிலுக்கு இடது முழங்கால் பந்து போல வீங்கிக்கொண்டது. கூடவே காய்ச்சல்.

தெருவில் அப்போது நிறையப் பேருக்குச் சிக்குன்குனியா. எனக்கும் அதுதான் என்றார்கள், நானும் நம்பினேன். வலி மாத்திரை வாங்கி விழுங்குவேன். அதன் வேகம் இருக்கும் வரை தைப்பேன். கடைசியில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நடக்கவே முடியவில்லை. லாரி ஓட்டும் என் கணவர் வடநாட்டுக்கு லோடு போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவர்தான் ஆட்டோ பிடித்து, பாலம் தாண்டி ஈரோட்டில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

அங்கிருந்த பெண் மருத்துவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். முன்கையில் இருந்த சின்னச் சின்னக் கொப்புளங்களை உற்றுப் பார்த்தார். பிறகு என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வெள்ளைப்படுகிறதா, சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று கேட்டார். இரண்டுமே சில மாதங்களாக இருந்தன. சூடு என்று நினைத்து இளநீரும் மோருமாகக் குடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். கால் வீக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

படுக்கையில் சேர்த்து, மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் மருத்துவர் என் கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். உடலுறவில் தொற்றுகிற கிருமி அது. வைத்தியம் பார்க்காமல் விட்டதால் ரத்தத்தில் கலந்து மூட்டுக்குள் இறங்கிவிட்டது. இப்போது மருந்து கொடுத்தால் குணமாகிவிடும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் மூட்டே கெட்டுப் போயிருக்கலாம். கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் தொற்றும்.

என் வாழ்க்கையில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. முதலில் ஆத்திரம் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நான் தலைகுனிய இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

"நீயே அவர்கிட்டச் சொல்லிருவியா அம்மணி, இல்ல நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார் மருத்துவர்.

"அவரையும் உள்ள கூப்பிடுங்க டாக்டர். எனக்குச் சொன்னதை எம் முன்னாடியே அவருக்கும் சொல்லுங்க."

மருத்துவர் அவரை உள்ளே அழைத்து அப்படியே சொன்னார். தனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே என்றார் என் கணவர். வெளியே எதுவும் தெரியாமலே கிருமி இருக்கலாம் என்றார் மருத்துவர். கணவர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

"ஏனுங்க, எங்க, யாருகிட்டன்னு இப்ப நான் கேக்கல. அதை ஊட்டுல பேசிக்கலாம். மொதல்ல போயி ரத்தம் குடுத்து ஊசி போட்டுக்குங்க. போட்டுக்காம எம் பக்கத்துல வராதீங்க."

அவர் நர்ஸ் பின்னால் போனார். இருவருக்கும் மற்றப் பால்வினை நோய்களுக்கான சோதனையும் செய்தார்கள்; நல்லவேளை, வேறு எதுவும் இல்லை. ஊசி ஏற ஏற வீக்கம் வடிந்தது. வாடிக்கையாளர்களின் துணிகளை அடுத்த தெருவில் தைக்கும் தோழி முடித்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். அழுதார். மன்னித்துவிட்டேன் என்று இன்று வரை நான் சொல்லவில்லை. மறுபரிசோதனையில் இருவருக்கும் கிருமி இல்லை என்று தெரிகிற வரை தனித்தனியாகத்தான் படுத்தோம். நான் சொன்னதற்காக இப்போது நாமக்கல் பக்கத்து முட்டை லோடு மட்டும் ஏற்றுகிறார். அநேக நாள் வீட்டில்தான் சாப்பாடு.

அளவு கொடுக்க வருகிற பெண்கள் யாராவது "ஒரே சூடுங்க அக்கா" என்று முனகினால், இளநீரோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன். சிலர் கூச்சப்படுகிறார்கள், சிலர் போகிறார்கள். என் உடம்புக்கு என்ன என்று கேட்கவும், அதற்குக் காரணமானவரை எதிரில் நிறுத்திப் பேசவும் எனக்கு உரிமை உண்டு என்பதை அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் உணர்ந்தேன். அன்று வந்த தைரியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.