ஏரோதின் சேவகனுக்கு ஒரு துருக்கித் துப்பாக்கி

பழைய துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் கிளம்பிவிடும் கிறுக்கு எனக்கு. சாந்தன்பாறையில் ஏலக்காய் ஸ்டோர் பார்க்கும் ஞானமுத்துவிடம் துருக்கிக் கைத்துப்பாக்கி ஒன்று இருப்பதாகக் கேட்டு, 1974 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு புறப்பட்டேன்.

மீனாட்சிபுரத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ். பொள்ளாச்சி, உடுமலையில் மாறி மூணாறு சேர மதியம் இரண்டு. உடுமலையிலிருந்து நாலே கால் ரூபாய். லாட்ஜ் ஆறு ரூபாய்; கம்பளி தருவார்கள், அதன் நாற்றம் இலவசம். மறுநாள் பூப்பாறை வரை பஸ், பிறகு ஏழு கிலோமீட்டர் ஜீப், ஆளுக்கு ஒரு ரூபாய். பதினோரு மணிக்கு ஞானமுத்துவின் வீட்டில் இருந்தேன்.

துப்பாக்கி, சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார துரை ஞானமுத்துவின் அப்பாவுக்குக் கொடுத்தது. கைப்பிடியில் வெள்ளிக் கம்பி இழைத்த வேலை. அரை மணி நேரம் அதையே ரசித்துக்கொண்டிருந்தேன்.

"தேனி வியாபாரி இது டம்மின்னுட்டான் சார். குழலுக்கு அடியில இருக்க கம்பி உருவ வரல பாருங்க" என்றார்.

"அது வராதுங்க. கட்டையிலயே செதுக்குனதுங்க. துருக்கிக்காரங்க மருந்து கெட்டிக்கிற கம்பியத் தனியா மாட்டிக்குவாங்க. இது அசல்தானுங்க."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சாயந்திரம் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்துல, பாலன் இயேசுவக் கொல்லத் தேடுற ஏரோது ராஜாவோட சேவகன் நான்தான். வருஷா வருஷம் இதத்தான் யோசேப்பு நெஞ்சுல நீட்டுவேன். யோசேப்பு எந்தம்பி. இந்த வருஷம் புதுசா தீக்கல்லு மாட்டியிருக்கேன். அதுக்குக் கீழ இருக்க கிண்ணத்துல மத்தாப்பு மருந்து போட்டா பொறி பறக்கும்லா."

ஏரோது காலத்தில் துப்பாக்கி ஏது என்று கேட்காதீர்கள். எஸ்டேட்டில் யாரும் கேட்டதில்லை.

மத்தாப்பு மருந்து என்றதும்தான் எனக்குப் புத்தி வந்தது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி வாங்கினேன். குழல் வாயிலிருந்து, கிண்ணத்து நெருப்பு உள்ளே பாயும் துளை வரை வெளியே பதினொன்றரை அங்குலம். உள்ளே விட்ட குச்சி பத்திலேயே முட்டி நின்றது.

"உள்ள மருந்தும் குண்டும் இருக்குதுங்க."

தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, என் பையிலிருந்த திருகுமுனைக் கம்பியால் இழுத்தோம். மக்கிய துணி வந்தது. பிறகு ஈயக் குண்டு, கரிச்சேறாக மருந்து. ஞானமுத்து குண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒத்திகைக்கு வரலியா?" என்றார். ஞானமுத்து விரல்களை மடக்கிக் குண்டை மறைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் செய்யவேண்டியதைக் கடைசியில்தானே செய்தேன்.

பழைய துப்பாக்கி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. செய்தவன் முத்திரையும் வெள்ளி வேலையும் எங்கும் ஓடிவிடாது. கையில் வாங்கியதும் குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, குச்சி விட்டு அளந்துவிடுங்கள். பூப்பாறையிலிருந்து மூணாறுக்குத் திரும்ப நாலரை பஸ்தான் கடைசி.

அந்தப் பஸ்ஸை நான் விட்டுவிட்டு நாடகம் பார்த்தேன். சேவகன் கையில் வெறும் மூங்கில் கம்பு. மிரட்டும் வசனம் வந்தபோது அதைக்கூட அவர் தம்பி பக்கம் நீட்டவில்லை.