மண் பிசையும் மெஷினும் ஈரச் சாக்கும்

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கோர்வையாகச் சொல்லத் தெரியாமல் அங்கங்கே நின்று நின்று எழுதியிருக்கிறேன். மறதியும் கூடிப்போனது, நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற ஆள் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மெஷின் சத்தம் மட்டும் மறக்கவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். ஊறுகாய் ஜாடியும் கப்பும் செய்கிற சின்னப் பட்டறை. ஜாடி விளிம்பில் நிற்கும் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. அவருக்கு மண் மெஷின். மேலே வெள்ளை மண்ணைப் போட்டால் உள்ளுக்குள் பிசைந்து, மறுபக்கம் வழவழவென்று உருளையாகத் தள்ளும். பக்கத்தில் மோட்டார். மோட்டாருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதுதான் கியர் பாக்ஸ். மோட்டார் வேகமாகச் சுற்றுவதை வாங்கி, மெதுவாகவும் பலமாகவும் ஆக்கி மெஷினுக்குக் கொடுப்பது அந்தப் பெட்டி என்று அவர் சொல்லுவார்.

பட்டறைக்குள் எல்லாமே வெள்ளை. கூரையில் ஒட்டடைகூட வெள்ளை. மத்தியானத்தில் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து விழும்போது தூசி அதில் மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்காது. அவருடைய புருவம், மீசை, கால் ரோமம் எல்லாம் வெள்ளையாகி, தூரத்தில் நிற்கும்போது சூளையில் வைக்க மறந்த ஒரு பொம்மை மாதிரி தெரிவார். மெஷின் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று முனகும். அந்த முனகலில் கை தானாகத் துடைக்கும், மனசு எங்கேயோ போய்விடும். நான் பேசாதவள். யாராவது என்னைப் பார்த்தாலே தலை குனிந்துகொள்வேன். அந்தச் சத்தம் எனக்குப் பதிலாகப் பேசுகிறது என்று தோன்றும்.

அந்த முனகல் ஒருநாள் கரகரவென்று மாறி நின்றது. கியர் பாக்ஸ் போய்விட்டது. ஊர் மெக்கானிக் வந்து பல்சக்கரமும் பேரிங்கும் மாற்றினார். "சூடு தாங்கல. குளுகுளுன்னு வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியே மண் வந்த சாக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் அதை நனைத்துப் பெட்டி மேல் போட்டார். காய்ந்தால் மறுபடி நனைப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுகிற மாதிரிதான். கூட வேலை செய்த பெண்கள் விட மாட்டார்கள்.

"அண்ணே, கஞ்சி வச்சிக் குடுங்கண்ணே, பாவம்!"

"குடுப்பேன். அது உங்கள மாதிரி வாயாடாது" என்பார்.

சில மாதத்தில் மறுபடி போய்விட்டது. பெட்டிக்குள் துரு இருந்தது. கூரை ஒழுகி மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார்கள். கூரை மாற்றினார்கள், பல்சக்கரமும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்தது கோடை. சொட்டு மழை இல்லை. அந்தக் கோடையிலேயே மூன்றாவது தடவையும் கரகரப்பு கேட்டது.

முதலாளி நல்ல மனுஷர்தான், சின்ன வயசு. அன்றைக்கு அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"பெரியவரே, இதோட முடிஞ்சிது. வேப்பூர்லேந்து லாரி மெக்கானிக் ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன். அவருக்கும் காரணம் தெரியலன்னா மெஷின எடைக்குப் போட்டுட்டு, பிசைஞ்ச மண்ணா வெளியில வாங்கிக்கறேன்."

"சரிங்க" என்றார் இவர்.

மெஷின் போனால் இவருக்கு வேலை இல்லை. முட்டி தேய்ந்து, சம்மணம் போட்டு உட்கார முடியாதவர். மண் சுமக்கவோ சக்கரத்தில் உட்காரவோ அவரால் ஆகாது. வேறு பட்டறையில் அந்த வயசில் யார் சேர்ப்பார்கள்? அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது என் வாயில் ஒரு விஷயம் வந்தது.

"என்னாங்க, கரண்டு போவும்போது அந்தப் பொட்டி உறிஞ்சற மாதிரி சத்தம் வருதுங்க."

"என்னாத்த உறிஞ்சுது? டீயா?"

"எனக்குக் கேக்குது."

"பேசாதவ பேசனா இப்பிடித்தான்" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். அந்த வருஷங்களில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மெஷின் நின்றதும் பட்டறையே தண்ணீருக்குள் அமிழ்ந்த மாதிரி ஆகிவிடும். அந்த அமைதியில்தான் எனக்கு அது கேட்டது. குழந்தை தூக்கத்தில் பால் குடிக்கிற மாதிரி, 'ச்ச்ச்' என்று சின்னதாக. நானே கனவு என்று நினைத்துக்கொண்டேன்.

வேப்பூர் மெக்கானிக் வருவதற்கு முன்னால் இவர் மெஷினைத் துடைத்து, விபூதி பூசி, குங்குமம் வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டார். வெளியாள் வருகிற நாளெல்லாம் அப்படித்தான். ஈரச் சாக்கு அழுக்காகத் தெரியும் என்று எடுத்துப் பிழிந்து பின்னால் ஆணியில் மாட்டிவிடுவார். அதனால் வந்த மெக்கானிக்குகள் யாருமே சாக்கைப் பார்த்ததில்லை.

வேப்பூர்க்காரர் அடியில் திருகாணியைக் கழற்றினார். கருப்பாக வர வேண்டிய ஆயில் வெளுத்து, நுரை கட்டி வந்தது.

"டீக்கட வைக்கலாம்ங்க. பால் சேத்த மாதிரி இருக்குது பாருங்க. தண்ணி கலந்திருக்குது. தண்ணி கலந்தா வழவழப்பு போயிடும், பல்லத் தின்னுடும். நீங்க எத்தன தடவ பல்லு மாத்தனாலும் இதேதான்."

"கூரைய மாத்திட்டனே!" என்றார் முதலாளி.

புது ஆயில் டின்னிலேயே தண்ணீர் இருக்குமோ என்று கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தார் மெக்கானிக். கீழே ஒன்றும் தங்கவில்லை. சூளை மேல் ஒரு தகட்டைச் சூடாக்கி அதிலும் ஒரு சொட்டு விட்டார், சும்மா புகைந்தது. பெட்டியில் வந்த ஆயிலை விட்டபோது, ஈரக் கறிவேப்பிலை போட்ட தாளிப்பு மாதிரி படபடவென்று பொரிந்தது.

"டின்னுல இல்ல, பொட்டிக்குள்ளதான் தண்ணி எறங்குது. இந்தக் கோடையில எங்கேந்துங்க தண்ணி?"

எங்கள் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் அப்படி அவர் என்னைப் பார்த்தது இல்லை. நான் தலை குனியவும் மறந்துபோனேன். அவர் மெதுவாகப் பின்னால் நடந்து போய், ஆணியிலிருந்து சாக்கை எடுத்துத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து பெட்டி மேல் போட்டார்.

"நாந்தாங்க. தெனம் இப்பிடித்தான் போடுவன்" என்றார்.

மெக்கானிக் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பெட்டியின் மேலே சின்ன ஓட்டை. அதற்கு ஒரு மூடி இருந்திருக்க வேண்டும், எந்தக் காலத்திலோ உடைந்திருக்கிறது.

"இது மூச்சு வுடற எடம் பெரியவரே. சூடானா காத்த வெளிய வுடும். ஆறுனா இழுக்கும். மேல ஈரச்சாக்கு இருந்தா எதக் குடிக்கும்? முன்னல்லாம் சாயங்காலம் ஒருவாட்டிதான் ஆறும். இப்ப கரண்டு போறப்பல்லாம் ஆறுது. போறப்பல்லாம் குடிக்குது."

முதலாளி தலையில் கை வைத்தார். "அந்தச் சாக்க எடுத்துக் குடுத்ததே நாந்தானய்யா!"

பல்சக்கரம் மாற்றி, உள்ளே ஆயில் விட்டு அலசி, புது ஆயில் ஊற்றி மெஷினை ஓட்டினார்கள். சோதித்துக் காட்டிவிட்டுத்தான் போவேன் என்றார் மெக்கானிக். பெட்டி நன்றாகச் சூடானது. எல்லோரும் சுற்றி நின்றோம், கரண்ட் போகட்டும் என்று. அன்றைக்குப் பார்த்து போகவில்லை.

"தேவப்படற அன்னிக்கு கட் கூட வராது" என்று முதலாளி அலுத்துக்கொண்டார்.

மெக்கானிக் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "ஏங்க, இந்த ஊர்ல சுச்சு கெடையாதா?"

அப்புறம்தான் இவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும், மெக்கானிக் சாமிக்கு வைத்திருந்த ஊதுபத்தியை எடுத்து அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கியது. பிறகு வளைந்து, நூல் மாதிரி மெலிந்து, ஓட்டைக்குள் இறங்கியது. ஒருவரும் மூச்சு விடவில்லை. இரும்பு மட்டும் மூச்சு இழுத்தது. வெள்ளைத் தூசியும் வெள்ளைப் புகையும் அந்த வெயிலில் எது எது என்று தெரியவில்லை. இப்போதும் கண் அசந்தால் அந்தப் புகை உள்ளே போவது தெரிகிறது.

குடைக் காம்பு மாதிரி வளைந்த குழாய் ஒன்றை அந்த ஓட்டையில் உயரமாக மாட்டி, தண்ணீர் இறங்காதபடி வாயைக் கீழே பார்த்து வைத்தார் மெக்கானிக். மெஷினை எடைக்குப் போடும் பேச்சு அதோடு போயிற்று. மறுநாள் முதலாளி, "பெரியவரே, சாக்க மண்ணு மேல போடுங்க, பொட்டி மேல வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

இவருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. கரண்ட் போனால் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு விசிற உட்கார்ந்துவிடுவார்.

"யக்கா, உனுக்கு என்னிக்காவது விசிறியிருக்காரா?" என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள்.

நான் சிரித்துக்கொண்டு ஜாடியைத் துடைத்தேன். இவர் விசிறிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "இந்தா, இப்ப உறிஞ்சுதா பாத்துச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்பார். "இல்லங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொல்லுவேன்.

மூச்சு விடும் ஓட்டை பெட்டிக்கு நட்டநடுவில் இருந்ததா, ஓரமாகவா என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆயிலை ஒருமுறை அலசினார்களா, இரண்டு முறையா என்பதும் கலங்கலாகத்தான் இருக்கிறது. அந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது படித்தால், நான் தப்பாக எழுதியதைத் திருத்திக் கொடுங்கள்.