ஜெனோவாவில் திறந்திருந்த கதவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். இது ராத்திரியில்கூட நடக்கவில்லை. நல்ல வெயில் அடித்த மதியத்தில் நடந்தது.

என் பெயர் ஆனந்தி. ஊர் ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டு. இத்தாலியில் ஜெனோவா என்ற பழைய துறைமுக நகரத்தில் ஒரு வீட்டோடு தங்கி, படுத்த படுக்கையாய் இருந்த கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டேன். போன மார்ச்சில் என் வீட்டுக்காரர் தனபால் ஊரில் இறந்துபோனார். என் விசா காகிதங்கள் புதுப்பிக்கப் போயிருந்த நேரம். கிளம்பினால் திரும்பி வர முடியாது. அடக்கத்தை போனில்தான் பார்த்தேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கிழவருக்கு சூப். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, என்னையே நான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் எங்களுக்கு லீவு. பக்கத்துத் தெருவில் இதே வேலை பார்த்த செல்வப்பிரியா என்னை விடவில்லை. அவள் மீனாட்சிபுரத்துப் பெண்.

"ஏனுங்க்கா, ரூமுக்குள்ளயே கெடந்தா ஆகுமா? டூரிஸ்ட் போற எடம் வேண்டாம். இந்த ஊருச் சனங்க இருக்கற சந்துகளப் பாத்துட்டு வரலாம், வாங்க."

போனோம். துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் சந்துகள். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள். மேலே கொடி கொடியாகத் துணி. மூலைக்கு மூலை சுவருக்குள் மாதா சிலை. மீன் பொரிக்கும் கடையில் கடலை மாவுத் தோசை மாதிரி ஒன்றைச் சுடச்சுட வாங்கிக் கொடுத்தாள். தின்றேன். ருசி தெரியவில்லை.

இரண்டு மணிக்கு மேல் கடைகளைச் சாத்திவிட்டார்கள். அந்த ஊரில் அது வழக்கம்தான். ஆனால் நாங்கள் கடைசியாக நுழைந்த சந்தில் துணி காயவில்லை. புறா இல்லை. வெயில் நேராக விழுந்தும் சுவர் சில்லென்று இருந்தது.

ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கையில் காய்கறிப் பை. என்னைப் பார்த்து மாடிப்படியைக் காட்டினாள்.

"நீ இங்கனயே நில்லு. ஏத்தி விட்டுட்டு வாரேன்," என்றேன் செல்வப்பிரியாவிடம்.

கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. வயசானவர்கள் கை அப்படித்தான் இருக்கும். எடையே இல்லை. மூன்றாம் மாடி. உள்ளே ஒரு கட்டில், ஒரு துண்டு. வேறொன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஷூவைக் கழற்றினேன்.

கால் நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை.

மண்டி போட்டுத் துடைத்தேன். மறுபடி நனைந்தது.

துடைத்தேன்.

சொட்... சொட்... தரையில் விழுந்துகொண்டே இருந்தது.

"அழுதியா?" என்றாள்.

"இல்ல."

"அழாத. இங்கயே இருந்துக்கோ."

சரி என்று தோன்றியது. பழக்க தோஷத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.

துடிப்பு இல்லை.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. துண்டைத் திருப்பி மடித்து, மறுபடி துடைத்தேன். எங்கேயோ தூரத்தில் யாரோ "அக்கா" என்றார்கள். எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

போன் அடித்தது. ஏலப்பாறையிலிருந்து மகள் கௌசிகா.

"அம்மா... சித்தப்பா அப்பா சட்டையெல்லாம் எடுத்துட்டுப் போறாரு. ஒண்ணு மட்டும் நா வச்சுக்கிடட்டுமா?"

அழுதேன். அவர் போனபிறகு முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதேன்.

நிமிர்ந்தேன்.

கட்டில் காலி. மெத்தை இல்லை. துருப்பிடித்த இரும்பு மட்டும்.

என் கையில் துண்டு... சொட்டச் சொட்ட ஈரம்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே கதவை இழுத்ததும் திறந்தது. வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷம்தான் இருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

செல்வப்பிரியா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நீங்க போனதும் கதவு சாத்திக்கிச்சுங்க. தட்டித் தட்டிக் கையே வீங்கிப் போச்சு. யாருங்க்கா அந்தம்மா?"

"எனக்கென்ன தெரியும். இந்த ஊர்க்காரி."

"பின்ன எப்பிடித் தமிழ் பேசுனாங்க? சன்னல் வழியாக் கேட்டுதுங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெறும் தமிழ் இல்லை. எங்கள் எஸ்டேட்டுத் தமிழ்.

காகிதங்கள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அந்த மாதமே ஊருக்கு வந்துவிட்டேன். போன வாரம் செல்வப்பிரியா போன் செய்தாள். சந்து முனையிலிருந்த மீன் கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறாள்.

"அந்தம்மா செத்து இருவது வருசம் ஆச்சாமுங்க. ஊடு பூட்டித்தான் கெடக்குதாம்."

"சரி."

"அதில்லீங்க்கா..." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாலு வருசத்துக்கு முந்தி பெரு நாட்டுக்காரி ஒருத்தி, நம்மள மாதிரி வேலைக்கு வந்தவ, காணாமப் போயிட்டாளாம். அந்த ஊட்டுக்குள்ளதான் கண்டுபுடிச்சாங்களாம். கட்டிலுக்கு முன்னால மண்டி போட்டபடியே செத்திருந்தாளாம். கையில துண்டு."

மேற்கொண்டும் அவளே சொன்னாள்.

"அந்த மாசந்தான் அவ மகன் ஊர்ல செத்திருக்கான். இவளால போக முடியலயாமுங்க."