இரண்டு துடுப்பும் மாஸ்டரின் வாயும்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாருடைய வண்டியில் ஏறினாலும், பின்சீட்டில் உட்கார்ந்தாலும்கூட, வலது கால் தானாகப் போய் இல்லாத பிரேக்கை மிதிக்கும். தெருவே மாஸ்டர் என்று கூப்பிட்ட அந்த டிரைவிங் ஸ்கூல்காரருக்கு வியாதி காலோடு நிற்கவில்லை. வாய்க்கும் ஏறியிருந்தது. யாராவது எதையாவது தப்பாகச் செய்வதைப் பார்த்துவிட்டால் போதும், அவரால் சும்மா இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடித்தால் இவர் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "சுத்தியலைக் கடைசியில பிடிங்க சார்!" என்பார்.

அவருடைய மனைவி சலவைக் கடை வைத்திருந்தாள். சுவரோரமாகத் துவைக்கும் மெஷின்கள், எதிரே உலர்த்தும் மெஷின்கள், நடுவே காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஜன்னலோர மூலையில் பின்பால் மெஷின். கடையை முன்பு நடத்தியவர் அதை அப்படியே விட்டுப் போய்விட்டார்; காசு போடும் வாய் பழுதாகி, பொத்தானை அழுத்தினாலே ஆட்டம் தொடங்கும். சாய்வான கண்ணாடிப் பெட்டி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு மேலே பாய்ந்து, விளக்குகளிலும் மணிகளிலும் மோதி, எண்களை ஏற்றிக்கொண்டே கீழே உருண்டு வரும். அடியில் கட்டை விரல் நீளத்துக்கு இரண்டு துடுப்புகள். பெட்டியின் இரு பக்கத்துப் பொத்தான்களால் அவற்றைத் தூக்கிக் குண்டை மேலே திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழுந்தால் குண்டு போச்சு. ஓர் ஆட்டத்துக்கு மூன்று குண்டு.

பகலெல்லாம் மாஸ்டருக்குப் பக்கத்து சீட். ஸ்டியரிங் அடுத்தவர் கையில். சாயங்காலம் அந்த மூலைக்கு வந்தால்தான் எதுவும் அவர் கைக்கு வரும். அதனால் அந்த மெஷினை யாராவது நகர்த்துவது பற்றிப் பேசினாலே அவருக்கு முகம் வெளுத்துவிடும்.

தொடக்கத்தில் அவரும் எல்லோரையும் போலத்தான். இரண்டு பொத்தானையும் தட்டச்சு மெஷினைப் போலத் தட்டித் தள்ளுவார். குண்டு வந்த வேகத்தில் போய்விடும். வழி காட்டியது ஒரு விபத்து. காரை நிறுத்தப் பழகிக்கொண்டிருந்த ஒரு மாணவி, இறங்கும் பதற்றத்தில் அவருடைய வலது கை விரல்கள் மேலேயே கதவை அறைந்து சாத்தினாள். கட்டுப் போட்ட கையோடு சாயங்காலம் கடைக்கு வந்தார். பழக்க தோஷம், இடது கையால் மட்டும் ஆடத் தொடங்கினார். குண்டு வலது பக்கம் வந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அசையாமல் கிடந்த வலது துடுப்பின் மேல் குண்டு விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, நல்ல பிள்ளையாக இடது துடுப்பின் மேல் வந்து நின்றது.

"அட! ஒண்ணும் செய்யாம இருந்தா அதுவே வருதே!" என்று கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி போர்வை மடிப்பதை நிறுத்தவில்லை.

"இதைத்தான் கல்யாணமான நாள்ல இருந்து நானும் சொல்றேன்," என்றாள்.

கட்டுப் பிரிக்கும்வரை ஒற்றைக் கையால் ஆடியதில் மீதி வித்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பிடிபட்டதை வயிற்றுக்குள் வைத்திருக்கும் ஆளா அவர்? துணி துவைக்க வந்தவர்கள் எல்லோரும் மாணவர்கள் ஆனார்கள். பாடம் முழுக்க அவருக்குத் தெரிந்த ஒரே மொழியில்தான்.

"துடுப்பைத் தூக்கிப் பிடிச்சு, அதோட மடியில குண்டை நிறுத்திக்கோங்க. சிவப்பு விளக்கு. அவசரமே இல்லை. எங்க போகணும்னு யோசிச்சுட்டு அப்புறம் கிளம்புங்க."

வேகமாக வரும் குண்டைச் சாகடிப்பது இன்னும் நுட்பம். தூக்கிப் பிடித்த துடுப்பைக் குண்டு தொடும் அந்த நொடியில் பொத்தானை விட வேண்டும். துடுப்பு குண்டோடு சேர்ந்தே கீழே இறங்கும். குண்டு வேகம் செத்து அதன் மேல் உட்கார்ந்துவிடும். "கிளட்ச் விடுற மாதிரிங்க. முன்னாடி விட்டா வழுக்கும், பின்னாடி விட்டா உதைக்கும்." இதைப் பல் டாக்டரம்மா ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டார். தபால்காரருக்குக் கடைசிவரை வரவில்லை.

தபால்காரரின் பலவீனம் இடிப்பது. குண்டு நடுவே விழப் போகும்போது பெட்டியை லேசாக இடித்தால் அது விலகிப் போகும். அது முறையான வித்தைதான். ஆனால் பெட்டிக்குள்ளே ஒரு வளையத்தின் நடுவே ஓர் ஊசல் தொங்குகிறது. இடி கொஞ்சம் கூடினால் அது வளையத்தைத் தொட்டு, விளக்கெல்லாம் அணைந்து, துடுப்பு செத்து, அந்தக் குண்டு பறிபோகும். தபால்காரர் இடித்தால் பக்கத்து மெஷினில் சோப்பு நுரை வெளியே வழியும்.

"ஹாரன் மாதிரிங்க அது! லேசா ஒரு தட்டு. நீங்க மதிலை இடிக்கிறீங்க!"

"மதில்னா நின்னிருக்கும் மாஸ்டர். இது ஆடுதே!"

இத்தனையும் நடக்கும்போது மாஸ்டரின் மனைவி பக்கத்திலேயே நின்று துணி மடிப்பாள். மடிக்க மேஜை கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களின் தலையில்தான் மடித்து அடுக்குவாள். அது அதிரும். சட்டைகள் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து பொத்தென்று விழும். ஒரு நாள் பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அன்றைக்குத்தான் அவள் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, எனக்கு ஒரு மேஜை வேணும். அந்த மூலை வேணும். உங்க மெஷின் கடையை விட்டுப் போகணும்."

மாஸ்டருக்கு வலது கால் தரையில் அழுந்தியது.

"என்னம்மா சொல்றே? அது பாட்டுக்கு நிக்குது."

"நீங்க பாட்டுக்கும் நிக்கிறீங்க. துணிதான் நிக்க மாட்டேங்குது."

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "என்னை ஒருத்தர் ஜெயிச்சுக் காட்டட்டும், நானே தூக்கிப் போட்டுடறேன். டாக்டரம்மாவே ஜெயிக்கலே."

"ஒருத்தர்னா, யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"அப்ப நானே ஆடறேன். வர்ற கடை லீவு அன்னிக்கு."

மாஸ்டர் சிரித்தார். அவள் அந்தப் பொத்தானைத் தொட்டு அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடியைத் துடைப்பாள், அவ்வளவுதான். அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

லீவு நாள் காலை. கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. சாட்சிக்கு அவளுடைய தம்பி வந்திருந்தான். சாமான் ஏற்றும் வேன் வைத்திருப்பவன். வேன் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் மாஸ்டர்தான். இரண்டாவது ஆளின் எண்ணைக் காட்டும் விளக்கு எப்போதோ எரிந்து போயிருந்ததால், முதலில் மாஸ்டர் மூன்று குண்டையும் ஆடி முடிப்பது, அதைத் தம்பி எழுதி வைப்பது, பிறகு அவள் ஆடுவது என்று ஏற்பாடு.

மாஸ்டர் அன்றைக்கு ஆடிய ஆட்டம் அவருக்கே பிடித்திருந்தது. நிறுத்தினார், சாகடித்தார், ஒரு துடுப்பிலிருந்து மறு துடுப்புக்குக் கை மாற்றினார். வலது ஓரத்தில் ஏறி இறங்கும் வளைவுப் பாதையில் குண்டை ஏற்றி ஏற்றி எண்ணைக் கூட்டினார். மச்சான் சோப்பு அட்டைப்பெட்டியின் மேல் அதைச் சாக்பீஸால் எழுதினான்.

"அக்கா, மேஜைக்கு வேற இடம் பாரு," என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டாள். குண்டு கீழே வந்ததும் இரண்டு பொத்தானையும் படபடவென்று தட்டினாள். குண்டு போச்சு.

மாஸ்டருக்கு நெஞ்சு வலித்தது. ஜெயிக்கிறோம் என்ற சந்தோஷத்தையும் மீறி வலித்தது. போர்வையின் நான்கு மூலையையும் அவசரமில்லாமல் சேர்த்து மடிக்கிற கை அது. அந்தக் கையா இப்படித் தட்டுவது?

இரண்டாவது குண்டு. இப்போதும் அதே படபடப்பு. முழங்கை இரண்டும் கோழி இறக்கையைப் போல விரிந்திருந்தன. மாஸ்டர் உதட்டைக் கடித்தார். கால் தரையை மிதித்தது. குண்டு வலது பக்கம் இறங்கி வந்தது. அவள் விரல் எழும்பியது.

"விடு!"

அவள் விட்டாள். குண்டு துள்ளி இடது துடுப்புக்கு வந்தது.

"பிடி! தூக்கிப் பிடி! அவ்வளவுதான். சிவப்பு விளக்கு."

குண்டு மடியில் நின்றது.

"மாமா, நீங்க அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க," என்றான் மச்சான்.

"நான் எங்கே சொன்னேன்? முழங்கையை உள்ளே இழு!"

அவள் இழுத்துக்கொண்டாள். "இப்ப அடிக்கவா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

சொல்லக் கூடாது என்று மாஸ்டருக்குத் தெரியும். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகக் குரல் வந்தது. "குண்டு நுனிக்கு உருளட்டும்… இன்னும்… இப்ப!"

குண்டு வளைவுப் பாதையில் ஏறியது. மணி அடித்தது. அது திரும்பி வந்தபோது சாகடிக்கச் சொன்னார், சாகடித்தாள். கை மாற்றச் சொன்னார், மாற்றினாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மாணவி அவருக்கு வாய்த்ததில்லை. சொன்ன சொல் காற்றில் இருக்கும்போதே விரல் கேட்டுக்கொண்டது.

"மாமா, அக்கா வண்டி உங்க எண்ணைத் தாண்டப் போகுது. பிரேக் போடுங்க," என்றான் மச்சான்.

"நீ சும்மா இருடா! நடுவுல பேசினா அவ கவனம் சிதறுமில்ல?"

மூன்றாவது குண்டில், ஜெயிக்க இன்னும் ஓர் ஏற்றம் பாக்கி இருக்கையில், ஒரு மணியில் பட்டுத் திரும்பிய குண்டு நேராக நடு இடைவெளியை நோக்கி வந்தது. எந்தத் துடுப்புக்கும் எட்டாத வழி. மாஸ்டர் பேசாமல் இருந்திருந்தால் பந்தயம் அங்கேயே முடிந்திருக்கும். மெஷின் மூலையிலேயே நின்றிருக்கும். ஒரே ஒரு நொடி வாயை மூடியிருந்தால் போதும்.

"ஹாரன்!" என்று அலறினார்.

அவள் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். தபால்காரருடைய தட்டு இல்லை. மடித்த துணியின் சுருக்கத்தை நீவும் தட்டு. ஊசல் தொடவில்லை. குண்டு மயிரிழை விலகி வலது துடுப்பின் மேல் விழுந்தது. "விடு!" விட்டாள். இடது பக்கம் வந்தது. பிடித்தாள், உருள விட்டாள், அடித்தாள். வளைவுப் பாதையில் குண்டு ஏற, எண்கள் ஓடி, அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைத் தாண்டிப் போயின.

மாஸ்டர் குதித்தார். பக்கத்துத் துவைக்கும் மெஷினின் தலையில் ஓங்கி அடித்தார். "பாத்தியா! பாத்தியாடா மச்சான்! அதான் அடி! யார் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதான் மாமா," என்ற மச்சான் வேன் சாவியை எடுத்துக் காட்டினான். "எங்க இறக்கணும்?"

மாஸ்டரின் கை அந்தரத்திலேயே நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் மெஷினை ஏற்றும்போது பார்க்கத் தெம்பில்லாமல், வகுப்பே இல்லாத நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. திட்ட ஆளில்லாமல் தன்னையே இரண்டு முறை திட்டிக்கொண்டார். சாயங்காலம் கடையை எட்டிப் பார்த்தார். ஜன்னலோர மூலையில் ஒரு மேஜை. அதன் மேல் சட்டைகள் ஆடாமல் அசையாமல் அடுக்கியிருந்தன. எங்கேயோ பார்த்த மேஜையாக இருந்தது. காலில் ஒரு கீறல்கூடத் தெரிந்த கீறல்தான்.

வீட்டுக்குப் போனார். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில் பின்பால் மெஷின் நின்றது. அவருடைய மனைவி அதன் முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். முழங்கை உள்ளே இருந்தது.

"கடையை விட்டுப் போகணும்னுதானே சொன்னேன்? போயிடுச்சு," என்றாள்.

மாஸ்டர் அவள் விரல்களை உற்றுப் பார்த்தார். "உனக்கு ஆடத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் காதுல விழுந்துட்டே இருந்துச்சு. ஒரு வாரம் காலையில சீக்கிரமே கடையைத் திறந்து கையில ஏத்திக்கிட்டேன். அன்னிக்கு முதல் குண்டை வேணும்னே கோட்டை விடறதுக்குத்தான் கஷ்டமாப் போச்சு. எவ்வளவு தட்டினாலும் திரும்பித் திரும்பி வருது."

"அப்ப நான் சொல்லலேன்னாலும் ஜெயிச்சிருப்பே!"

"அது எனக்குத் தெரியாது. நீங்க கத்துவீங்கன்னு தெரியும்." அவள் குண்டை மடியில் நிறுத்தினாள். "இனி தட்டை மடியில வச்சுத்தான் சாப்பிடணும். இங்க ஒரே ஒரு சட்டம். நான் ஆடும்போது வாயைத் திறந்தா, அன்னிக்குப் பாத்திரம் நீங்க தேய்க்கணும்."

"இவ்வளவுதானே?" என்றார் மாஸ்டர், பெரிய மனிதராக. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். அவள் குண்டை மேலே அனுப்பினாள். அது இரண்டு மணியில் மோதி, வலது பக்கமாக இறங்கி வந்தது. அவளுடைய வலது விரல், வேண்டுமென்றே செய்வது போல, மெல்ல எழும்பியது.

மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. சோற்றை இன்னொரு வாய் திணித்துக்கொண்டார். வாய் நிறைந்திருந்தும், சொல் ஓர் ஓரமாக வழி கண்டுபிடித்தது.

"விடு!"

குண்டு துள்ளி இடது துடுப்பில் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார்.