டென்சில் சாரின் விமானச் சாவி

“கேஸ்?” உள்ளறையிலிருந்து குரல் கேட்டது.

“ஆஃப்!” என்றார் சமையலறையிலிருந்து டென்சில் சாரின் மனைவி நோரா.

“ஜன்னல்?”

“மூடியாச்சு!”

“குடை?”

“ஐயோ டென்சில், நாம எங்கயும் போகல. பெர்னார்ட்தான் இங்க வர்றான்!”

பக்கத்து வீட்டிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள இந்த வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போவதென்றாலும் அவர் கேட்பார், நோரா பதில் சொல்வார், பிறகுதான் கதவு திறக்கும். விமானம் ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது. ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வந்த பிறகே கிளம்ப வேண்டும்.

டென்சில் சாருக்கு எழுபத்து மூன்று வயது. ஓசூர் ரோட்டில் ஒரு லாரி கம்பெனியில் பிரேக் பிரிவில் சேர்ந்து, வைஸ் பிரசிடென்டாக ஓய்வு பெற்றவர். “டவுட் இருந்தா வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது” என்று, ஒரு நட்டுக்காக நாற்பது லாரிகளை நிறுத்தியவர். ஓய்வுக்குப் பிறகு நண்பர் பெர்னார்டோடு பங்கு சேர்ந்து இரண்டு சீட் விமானம் ஒன்று வாங்கினார். ஞாயிறு பூசை முடிந்தால் நேரே ஜக்கூர் விமானத்தளம்தான். மேலேயிருந்து பார்த்தால், யாரோ எவர்சில்வர் தட்டுகளைக் கழுவி வெயிலில் பரப்பிய மாதிரி ஏரிகள் கிடக்குமாம். அதைச் சொல்லும்போதே அவர் கை மெல்ல உயரும். பேச்சு நின்றுவிடும். காபியில் ஆடை படியும்.

போன மாதம் கண்ணைப் பரிசோதித்த டாக்டர், இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். விமானத்துக்கு இருப்பது ஒரே சாவி. பெர்னார்ட் போன் செய்தபோதெல்லாம், “நாளைக்குத் தர்றேம்பா” என்றார். வீட்டிலிருக்கும்போதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பெர்னார்ட் வந்தார். உட்காரவில்லை.

“சார், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க. நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க.”

“பக்கத்து சீட்டா? அது நோராவோடது.”

“நான் எப்ப ஏறினேன்?” நோரா கூடத்துக்கே வந்துவிட்டார். “பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் பயந்துக்கிட்டு இங்க ஜெபமாலை உருட்டினவ நான்!”

“ஏறலதான். அதுக்காக உன் சீட்டுல நான் போய் உக்கார முடியுமா?”

விளையாட்டாகத்தான் சொன்னார். நோராவின் கண்கள் நிறைந்துவிட்டன. சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார்.

டென்சில் சார் சாவியை எடுத்தார். கைக்குட்டையால் பளபளக்கத் துடைத்தார்.

“டவுட் இருந்தா கேட்டைத் தாண்டக் கூடாது. இந்த வண்டியில டவுட்டே நான்தாம்பா.”

பெர்னார்டின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மடக்கிவிட்டார். பெர்னார்ட் படியிறங்கினார்.

கதவைச் சாத்திய டென்சில் சார், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். எதையும் கேட்கவில்லை. வீடே அவர் குரலுக்காகக் காத்திருந்தது போலிருந்தது.

கடைசியில் சமையலறையிலிருந்து நோராதான் கேட்டார்.

“கதவு?”

அவர் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

“மூடியாச்சு.”