காரணத்தை எழுதிக் கொடுங்கள்

மெர்சி டீச்சரின் அம்மா ராசாத்தாள், ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போனவர். மெர்சி விடுதியில் தங்கிப் படித்தார். சின்ன வயதில் தான் படித்த கதைகளில் ராஜா இருந்தார், பேசுகிற சிங்கம்கூட இருந்தது, தன் அம்மாவைப் போல ஒருத்தி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வரும்.

1993இல் அவர் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தார். அரசு அனுப்பிய புத்தகப் பெட்டியில் ஒரு மெல்லிய படக்கதை கிடைத்தது. ஒரு கூலிக்காரரின் மகள் அப்பாவோடு டீக்கடைக்குப் போகிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். அப்பாவுக்குக் கூரையில் செருகி வைத்த அலுமினிய டம்ளர். குடித்த பிறகு அவரே கழுவிச் செருக வேண்டும். எங்கப்பாவுக்கு ஏன் வேறு டம்ளர் என்று அவள் கேட்பதோடு கதை முடிகிறது.

மெர்சி அதை நாலாம் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அந்த ஊர் டீக்கடையிலும் அதே வழக்கம்தான். டீச்சர் என்பதால் மெர்சிக்குக் கண்ணாடி டம்ளர் கிடைத்துவந்தது. பார்க்க வந்த அம்மாவுக்கு அலுமினிய டம்ளரை நீட்டிய நாளோடு அவர் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார்.

அந்த வாரமே சண்முகப்ரியா என்ற மாணவி, கடையில் எல்லோர் முன்னாலும், கூலிக்காரர்களுக்கு மட்டும் ஏன் வேறு டம்ளர் என்று கேட்டாள். அவள் கதிரேசனின் மகள். கதிரேசன் பெரிய தோப்புக்காரர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.

மறுநாள் காலை அவர் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். கதிரேசன் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க டீச்சர், அந்தப் பொஸ்தகம் புள்ளைங்களுக்கு வேண்டாமுங்க. எடுத்துப்போடுங்க."

மெர்சியின் சம்பளத்தை நம்பித்தான் ராசாத்தாள் கூலி வேலையை விட்டிருந்தார்.

"கவர்மெண்டு குடுத்த பொஸ்தகமுங்க. எதுக்காக எடுக்கோணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எடுத்துப்போடறேன்."

தலைமையாசிரியர் ஒரு தாளை எடுத்து, குழந்தைகளின் மனத்தைக் கெடுக்கும் கதை என்று எழுத ஆரம்பித்தார். எந்தப் பக்கம் கெடுக்கிறது என்று மெர்சி கேட்டார். அவர் தயங்கித் தயங்கி டம்ளர் படத்தைக் காட்டினார்.

"அப்ப அதையும் எழுதுங்க சார். நம்மூர்ல ரெண்டு டம்ளர் இருக்குது, புள்ளைங்க அதக் கேக்கக் கூடாதுன்னு எழுதுங்க."

சாதி பார்த்து இரண்டு டம்ளர் வைப்பது சட்டப்படி குற்றம். அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வழக்குக்கு வேறு சாட்சி வேண்டாம். தலைமையாசிரியர் பேனாவை மூடி வைத்தார். டீச்சர் ரொம்பப் படித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கதிரேசன் கிளம்பினார்.

புத்தகம் பெட்டியிலேயே இருந்தது. மெர்சி அதை அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்பிலும் வாசித்தார், தெருவுக்குக் கேட்கிற மாதிரி. சில வீட்டார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், பிறகு அனுப்பினார்கள். டீக்கடையில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் சண்முகப்ரியா அங்கே எதையும் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். அப்பா அதட்டியும் அவள் கேட்கவில்லை.

அடுத்த ஜூனில் மெர்சிக்கு மாற்றல் வந்தது. உத்தரவில் நிர்வாகக் காரணம் என்று மட்டும் இருந்தது. புது ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போகாதே, லீவு போட்டுவிட்டு யாரையாவது பார்த்துப் பேசு என்று அம்மா கெஞ்சினார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று மெர்சி மறுத்துவிட்டார்.

புதுப் பள்ளிக்குச் செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. தலைமையாசிரியை வரலட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பொஸ்தக டீச்சர் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க," என்றார் மெர்சி. "இங்க புள்ளைங்களுக்கு என்ன பொஸ்தகமெல்லாம் இருக்குதுங்க?"