மந்திரியின் பெண்டாட்டி

கதைகளில் வரும் மந்திரிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வெள்ளைத் தாடி, ஒரு கைத்தடி, ராஜா எதைச் செய்யக் கிளம்பினாலும் "வேண்டாம் மன்னா" என்று ஒரு பேச்சு. ராஜா முதலில் குதிப்பான், கடைசியில் புத்தி வந்து மந்திரியைக் கட்டிக்கொள்வான். அந்த மந்திரிக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாளே! அவன் அரண்மனைக்குப் போய்த் திரும்பும்வரை அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாளே! அவளைப் பற்றி எந்தக் கதைக்காரனாவது ஒரு வரி எழுதினானா? எழுத மாட்டான். அவனுக்கு என்ன தெரியும். ராயபுரத்தில் ஒரு மந்திரியோடு குடித்தனம் நடத்திய எனக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்துச் சுமை தூக்குவோர் சங்கத்துக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். துறைமுகத்தைச் சுற்றிய கிடங்குகளில் யார் மூட்டை தூக்கலாம், யார் தூக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. அந்த வாய் திறப்பதற்கு முன்னால் என் புருஷனிடம் கேட்கும். இரண்டு பேரும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். தினமும் காலையில் தலைவர் வீட்டு மொட்டை மாடியில் ஆளுக்கு ஒரு டம்ளர் டீயோடு உட்காருவார்கள். "இன்னா மாமு சொல்ற?" என்பார் தலைவர். "இது தப்பு தலைவரே, உட்ருங்க" என்று இவர் மூஞ்சிக்கு நேராகச் சொல்வார். மாடிப்படி இறங்கிவிட்டால் அதோடு சரி, நாலு பேர் முன்னால் தலைவர் பேச்சுக்கு இவர் எதிர்ப்பேச்சு பேசியதே கிடையாது. ஆனால் இவர் பொய் சொல்ல மாட்டார் என்று சங்கத்து ஆட்களுக்குத் தெரியும். புது இடத்துக்கு வேலைக்குப் போகச் சொன்னால் தலைவரை விட்டுவிட்டு இவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இவர் தலையை ஆட்டினால்தான் லாரியில் ஏறுவார்கள்.

கோயில் திருவிழாவன்று சாயங்காலப் பூசை முடிந்ததும் எங்கள் தெருவில் ராஜா நாடகம் நடக்கும். கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எழுதுவார். தலைவர்தான் ராஜா, என் புருஷன்தான் மந்திரி. நடிப்பார்கள் என்று சொன்னால் அது அபாண்டம், மேடையேறி நிற்பார்கள். வேஷம் கட்டுகிறவர்கள் கொடியேற்றத்திலிருந்து ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்க வேண்டும், பொய் பேசக் கூடாது. மேடை ஓரத்தில் புனிதரின் சொரூபம் வைத்திருப்பார்கள். அதன் முன்னால் வேஷத்தோடு சொன்ன சொல்லுக்கு எங்கள் தெருவில் தனி மதிப்பு. அதனால் தெருக் காரியங்களைக் கூடத் தலைவர் ராஜா குரலில்தான் அறிவிப்பார். "நாளை முதல் நம் தேசத்துக்குத் தண்ணீர் லாரி காலையிலேயே வரும்" என்பார். "தங்கள் சித்தம் மன்னா" என்று மந்திரி குனிவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், ஆனால் மறுநாள் லாரி வந்து நிற்கும்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் நல்ல மழை. எர்ணாவூரில் ஒரு தனியார் கிடங்கின் கூரை ஒழுகி, உள்ளே இருந்த ஏதோ ரசாயன மூட்டைகள் நனைந்து புகைய ஆரம்பித்துவிட்டன. அதிகாரிகள் பார்ப்பதற்குள் மூட்டைகளை வெளியேற்ற வேண்டும் என்று கிடங்கு முதலாளி தலைவரைப் பிடித்தார். தலைவருக்கோ தேர்தலில் நிற்க அந்த முதலாளியின் தயவு தேவை. ஆள் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். என் புருஷன் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"நாயிங்க செத்துக் கெடக்குதுடி. வாட்ச்மேன் உள்ள போவாம ரோட்டுல குந்திக்கினு கீறான்" என்றார்.

மறுநாள் மாடியில் இதைத் தலைவரிடம் சொன்னாராம். தலைவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். வீட்டுக்கு வந்து இவர் சொன்னதும், "அந்த ஆளு வேணாம்யா, வேற பொழப்பு பாரு" என்று கத்தினேன். "நானும் போய்ட்டா அவருக்கு நல்லது கெட்டது யாருடி சொல்லுவா?" என்று கேட்டார். இந்த மனுஷனை என்ன செய்வது!

நாடகத்தன்று அரசவைக் காட்சி. ஜிகினா கிரீடத்தோடு தலைவர் எழுந்து நின்றார்.

"மந்திரியாரே! நாளைக் காலை நம் வீரர்கள் எர்ணாவூர்க் கோட்டைக்குப் போய் மூட்டைகளைத் தூக்கப் போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று நீரே சபைக்குச் சொல்லும்!"

எர்ணாவூர்க் கோட்டை என்றதும் ஒரே சிரிப்பு. தலைவர் போட்ட கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை சனத்துக்கு முன்னால் இவர் எதிர்த்துப் பேச மாட்டார், வழக்கம்போல் குனிந்துவிடுவார், இவர் வாயால் வந்துவிட்டால் ஒருத்தனும் மறுக்க மாட்டான் என்று கணக்கு. சொரூபத்துக்கு முன்னால் ஒருசந்தியோடு நிற்கிற ஆள் என்பதைத் தலைவர் மறந்துவிட்டார்.

என் புருஷன் குனியவில்லை. மறந்துவிட்டாரோ என்று உபதேசியார் திரைக்குப் பின்னாலிருந்து "தங்கள் சித்தம்... தங்கள் சித்தம் மன்னா" என்று எடுத்துக் கொடுத்தது மைக்கிலேயே கேட்டது. இவர் பஞ்சுத் தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும் போவாதீங்கபா. நான் போய்ப் பாத்தேன். அங்க மூச்சு வுட முடியல. போனா உசிரோட திரும்ப மாட்டீங்க."

சிரிப்பு நின்றுபோனது. முன்வரிசையில் ஒருத்தி தன் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தலைவர் கோபப்பட்டிருந்தால் கூட எனக்குப் பயம் வந்திருக்காது. அவர் சிரித்தார். தன் தோள் துண்டால் என் புருஷன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "மந்திரி சொல்லிட்டாரு. நம்ம ஆளுங்க ஒருத்தரும் போவ வேணாம்" என்றார். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. மேடையிலிருந்து இறங்கும்போது என்னருகில் ஒரு நிமிஷம் நின்றார். "தங்கச்சி, உன் வூட்டுக்காரன் தங்கம். பத்தரமா பாத்துக்க" என்றார். மாதாவே, அந்தக் குரலை நான் எப்படி எழுதுவேன்.

இவரோ வீட்டுக்கு வந்து திருவிழாக் கறியை வயிறாரச் சாப்பிட்டார். "தலைவரு கேட்டுக்கினாரு பாத்தியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாயா என்று நான் கேட்டதற்கு, "சும்மா பேஜாரு பண்ணாத" என்று என்னையே அடக்கினார். யாராவது கதவைத் தட்டுவார்களோ என்று நான்தான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். யாரும் வரவில்லை.

காலையில் டீக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். மாடிக் கதவு பூட்டியிருந்ததாம், தலைவர் ஊரில் இல்லையாம். கண் எரிச்சல் இன்னும் அடங்காததால் டாக்டரிடம் காட்டலாம் என்று டோல்கேட்டுக்கு அழைத்துப் போனேன். சிக்னலில் சங்கக் கொடி கட்டிய லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் எங்கள் தெரு ஆள், இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னால் நெருக்கியடித்து நின்றவர்களில் ஒருவர் கூட எங்கள் ஆள் இல்லை. எல்லோரும் பிழைப்புக்காக ரயிலேறி வந்த வடநாட்டு ஆட்கள். கழுத்தில் புதுத் துண்டு, ஒருவன் போனில் பாட்டு.

நம்ம ஆளுங்க போவ வேணாம் என்று தலைவர் சொன்னது இவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"போவாதீங்க! எறங்குங்கபா, எறங்குங்க!" என்று கத்திக்கொண்டே போய் லாரியின் பக்கவாட்டில் படார் படார் என்று அடித்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை, இவருக்கு அவர்கள் பாஷை ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக் காட்டினார், தொண்டையைப் பிடித்துக் காட்டினார். ஒருவன் தானும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிக்னல் விழுந்தது. வண்டிகளுக்கு நடுவே வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே இவர் பின்னால் ஓடினார். லாரியில் இருந்தவர்களும் இவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே எர்ணாவூர் பக்கம் போனார்கள்.